நேர்த்தியும் நேர்மையும்

ஒரு செயலைப் பிழையின்றிச் செய்து முடிப்பவன் நல்லவனாகிவிடுகிறானா? இவ்வினாவை எழுப்புங்கால், “இதில் ஆராய என்ன இருக்கிறது? கைத்திறன் ஒன்று, குணம் மற்றொன்று, இதைச் சிறுபிள்ளையும் அறியுமே” என்று சிலர் கூறக்கூடும். ஆயினும் நாம் நடந்துகொள்ளும் முறையை உற்று நோக்கினால், அறிந்ததாகச் சொல்லும் இவ்வுண்மையை நாள்தோறும் மறந்தே வாழ்கிறோம் என்பது புலப்படும். அழகுறப் பேசுகிறவரை நம்பிவிடுகிறோம். கணக்கைப் பிழையறக் காட்டுகிறவரை யோக்கியர் என்கிறோம். எழுத்துப் பிழை இல்லாத நூலை நல்ல நூல் என்று மாணவர்க்குப் பரிந்துரைக்கிறோம். நேர்த்தியைக் கண்ட மாத்திரத்தில் நேர்மையையும் கண்டுவிட்டதாக நம் மனம் மயங்குகிறது. ‘நேர்’ என்னும் ஒரே அடியிலிருந்து பிறந்த சொற்களாக இவ்விரண்டும் இருப்பது மயக்கத்தை இன்னும் எளிதாக்குகிறது போலும்.

இம்மயக்கத்தை ஆராய்வதற்கு, நம் வாசகர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு கைவேலையைத் துணையாகக் கொள்வோம். ஈயக் குண்டு ஒன்றின் மீது மெல்லிய காகிதத்தைச் சுற்றுவதே அது. பார்வைக்கு மிகச் சிறிய வேலை. மேசை மேல் வைத்துச் செய்யத்தக்கது. ஆனால் அதனுள் புகுந்து பார்த்தால் நம் வினாவுக்கு வேண்டிய அனைத்தும் அங்கே இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரைபிள் துப்பாக்கிகளையும், அவற்றின் அமைப்பிலேயே புதிதாகச் செய்யப்படுகின்றவற்றையும் கொண்டு இலக்கு நோக்கிச் சுடும் வழக்கமுடையோர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இன்றும் உளர். இவர்களுள் ஒரு சாரார் கடையில் விற்கும் குண்டுகளை நாடுவதில்லை. ஈயத்தைத் தாமே உருக்கி, அச்சில் வார்த்து, காகிதம் சுற்றி, கருமருந்தின் மீது அமர்த்திச் சுடுகிறார்கள். ஒரு முறை சரிவராவிடில் மறுமுறை. அதுவும் சரிவராவிடில் இன்னொரு முறை. இப்படியே ஆண்டுக்கணக்கில் சோதனை செய்வோர் உண்டு.

காகிதம் எதற்கு? ரைபிள் குழலின் உட்புறம் வழவழப்பானதன்று. திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு செல்வதால் பம்பரம்போல் சுழன்று, நெடுந்தூரம் நெறி பிறழாது பறக்கிறது. ஆனால் ஈயமோ மென்மையான உலோகம். கடும் வேகத்தில் இரும்பை உராயும்போது அது குழலில் ஒட்டிக்கொள்கிறது. பள்ளங்கள் தூர்ந்துவிட்டால் அடுத்த குண்டு வழிதவறும். 1880களில் செம்பு உறையிட்ட குண்டுகள் வரும்வரை இதற்குப் பெரிதும் கையாளப்பட்ட பரிகாரங்கள் இரண்டு. குண்டின் உடலில் வளையங்கள் வெட்டி அவற்றில் மசகு நிரப்புவது ஒன்று; குண்டுக்குக் காகிதச் சட்டை அணிவிப்பது மற்றொன்று.

அக்காலத்தில் பெயர்பெற்ற 0.45 அங்குலக் குழலை எடுத்துக்கொள்வோம். அதில் எதிரெதிர் மேடுகளுக்கு இடைப்பட்ட அகலம் 0.450 அங்குலம், பள்ளங்களுக்கு இடையே 0.458 அங்குலம். குண்டை 0.442 அங்குலமாக வார்க்கிறார்கள். காகிதத்தின் கனம் 0.002 அங்குலம். இரு சுற்றுச் சுற்றினால் ஒரு பக்கத்துக்கு இரண்டு தாள், மறுபக்கத்துக்கு இரண்டு தாள், ஆக நான்கு தாள்களின் கனம் கூடி 0.450 ஆகிறது. விரலால் தள்ளினால் குழலுக்குள் வழுக்கிச் செல்லும் அளவு இது. மருந்து வெடித்ததும் பின்னிருந்து விழும் பேரடியில் குண்டு சற்றே குறுகித் தடித்து, பள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது. இவ்வாறு தடிப்பதற்காகவே காரீயம் 16 அல்லது 20 பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு மட்டும் சேர்த்து, உலோகத்தை மென்மையாக வைக்கிறார்கள். இத்தனைக்கும் இடையே காகிதம் நின்று, ஈயமும் இரும்பும் ஒன்றையொன்று தொடாமல் காக்கிறது.

பஞ்சுக் கந்தலிலிருந்து செய்த உறுதியான தாளே இதற்கு ஏற்றது. அதை நேர்ச் சதுரமாக வெட்டாமல், இரு முனைகளும் சாய்ந்திருக்கும் இணைகரமாக வெட்டுகிறார்கள். நீரில் நனைத்து, குண்டின் மீது உருட்டிச் சுற்றினால், தொடங்கிய விளிம்பும் முடியும் விளிம்பும் ஒரே கோட்டில் வந்து சந்திக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் ஒரு பக்கம் தடித்துப்போகும். இடைவெளி விழுந்தால் ஈயம் வெளியே தெரியும். எஞ்சிய ஓரத்தைக் குண்டின் அடியில் மடித்துவிட்டு உலர வைத்தால், ஈரம் போகப் போகத் தாள் சுருங்கி ஈயத்தை இறுகப் பற்றிக்கொள்ளும்.

இத்தனை இறுகப் பற்றிய தாள் குழலின் வாயைக் கடந்த கணமே விழுந்துவிட வேண்டும் என்பதுதான் வியப்பு. மேடுகளால் நெடுக அறுபட்ட காகிதம், சுழற்சியின் வேகத்தில் துண்டு துண்டாகச் சிதறிக் கீழே விழுகிறது. குண்டு தனித்துச் செல்கிறது. விழவேண்டிய தாள் விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பின், அக்குண்டு நெறி பிறழ்ந்துவிடும்.

இனி இச்சோதனையாளர்களின் ஒழுக்கத்தைப் பார்ப்போம். ஒழுக்கம் என்ற சொல்லை நாம் அறிந்தே ஆள்கிறோம். சுட்டவர் இலக்கை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதில்லை. துப்பாக்கிக்கு முன்னால் நடந்து சென்று, புல்லில் சிதறிக் கிடக்கும் காகிதத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துப் பார்க்கிறார். பள்ளங்களின் வரிகளில் செவ்வையாக அறுபட்டிருந்தால் தாள் தன் கடமையைச் செய்தது என்று பொருள். துளையிட்டுக் கருகியிருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்திருக்கிறது. குழலில் இறுகிய கரித்தூள் தாளைக் கிழித்திருக்கவும் கூடும்; அதற்காகவே ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணியால் குழலைத் துடைக்கிறார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறார். காகிதத்தை மாற்றினால் மருந்தின் அளவை மாற்றுவதில்லை. மருந்தை மாற்றினால் உலோகக் கலவையைத் தொடுவதில்லை. தற்செயலாக நடுப்புள்ளியில் பட்ட ஒரு குண்டைக் கொண்டு பெருமை கொள்வதும் இல்லை. ஐந்து குண்டுகளோ பத்துக் குண்டுகளோ எங்கே ஒருசேரக் குழுமுகின்றன என்று பார்த்தே தீர்ப்புச் செய்கிறார். இங்கே பொய்க்கு இடமில்லை. தன்னையே ஏமாற்றிக்கொள்ள விரும்புகிறவனையும் காகிதத் துணுக்குகள் காட்டிக்கொடுத்துவிடும்.

“பழைய துப்பாக்கிக்காக இவ்வளவு பாடா? வீண் பொழுதுபோக்கன்றோ?” என்று கேட்போர்க்கு நாம் கூறுவது இது: பொறுமையையும், தன் பிழையைத் தானே தேடும் பழக்கத்தையும் ஒருவனுக்குக் கற்பிக்கும் எந்த வேலையும் முற்றிலும் வீணன்று. நம்மிடையே விவாதம் புரிவோர், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்த நாணயத்தில் பாதியைக் கடைப்பிடித்தாலும் நம் சச்சரவுகளில் பல தீர்ந்துவிடும். ஆகவே இவ்வேலையின் நேர்த்தியை நாம் மதிக்கிறோம். நம் வினாவோ இதற்கு அப்பால் தொடங்குகிறது.

அரபு மொழியில் ‘கிர்தாஸ்’ என்ற சொல் காகிதத்தைக் குறிப்பதை நம்மில் பலர் அறிவர். அதே சொல் அம்பெய்வோர் நாட்டி வைக்கும் இலக்குக்கும் பெயராகும். இலக்கைத் தைத்தான் என்பதற்குக் ‘கர்தஸ’ என்னும் வினைச்சொல்லே அம்மொழியில் உண்டு. இவ்வொற்றுமையை நினைக்குந்தோறும் நமக்கு ஓர் எண்ணம் எழுகிறது. புறப்படும்போது குண்டைச் சுற்றியிருப்பதும் கிர்தாஸ். அது சென்று சேர வேண்டிய இடமும் கிர்தாஸ். முதற் காகிதத்தைச் செம்மை செய்யக் கைத்திறன் போதும். இரண்டாவதை எங்கே நாட்டுவது என்பதைக் கைத்திறன் ஒருநாளும் சொல்லாது.

1874-ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று, நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மூர் திடலில் ஒரு போட்டி நடந்தது. அயர்லாந்திலிருந்து வந்த அணியும் அமெரிக்க அணியும் எதிரெதிர் நின்றன. பக்கத்துக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜத் தூரங்களில் ஆளுக்குப் பதினைந்து பதினைந்து குண்டுகள். ஐரிஷ்காரர்கள் ரிக்பி செய்த, வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தனர். அமெரிக்கர்கள் ரெமிங்டன், ஷார்ப்ஸ் நிறுவனங்களின் பின்வழி நிரப்பும் துப்பாக்கிகளைக் கையாண்டனர். இரு சாராரும் சுட்டவை காகிதம் சுற்றிய குண்டுகளே. இறுதியில் அமெரிக்க அணி 934 புள்ளிகளும் ஐரிஷ் அணி 931 புள்ளிகளும் பெற்றன. தோல்வி மூன்றே புள்ளிகளில். நடுப்புள்ளியில் பட்ட குண்டுக்கு நான்கு புள்ளிகள் உண்டு. ஐரிஷ் வீரர் மில்னர் என்பார் சுட்ட குண்டு ஒன்று நடுப்புள்ளியிலேயே பட்டது. ஆனால் அது அவருக்குரிய இலக்கன்று; பக்கத்து இலக்கு. ஆகவே அதற்குக் கிடைத்தது சூனியம்.

அந்தக் குண்டில் குறை ஏதும் இருந்ததா? இல்லை. அதைச் சுற்றிய காகிதத்தில், மருந்தில், குழலில், சுட்டவரின் கண்ணிலும் கையிலும் குறை இருந்ததா? எதிலும் இல்லை. இத்தனையும் செவ்வையாக அமைந்தமையாற்றான் அது பிழையான இலக்கின் நட்டநடுவில் போய்ப் பதிந்தது. சற்றே கை தளர்ந்தவர் இரண்டு இலக்குகளுக்கும் நடுவே மண்ணில் சுட்டிருப்பார். யாரும் நினைவில் வைத்திரார். நேர்த்தி மிகுந்தவனின் பிழை எப்போதும் ஆழமாகவே பதிகிறது.

இது விளையாட்டில் நேர்ந்த மறதி, எவருக்கும் தீங்கில்லை. அதே 1870களில், அதே நாட்டின் நடுவிலுள்ள புல்வெளிகளில் நடந்தது விளையாட்டன்று. அங்கே பைசன் எனப்படும் காட்டெருமைகள் திரண்டு வாழ்ந்தன. ஒரு காலத்தில் அவை மூன்று கோடி அளவுக்கு இருந்ததாக மதிப்பிடுவர். 1871-ஐ ஒட்டி அவற்றின் தோலைப் பதனிட்டு ஆலைகளின் எந்திரப் பட்டைகளுக்குப் பயன்படுத்தும் வழி கண்டார்கள். உடனே தோல் வேட்டைக்காரர்கள் புறப்பட்டனர். அவர்களுக்கு உகந்த துப்பாக்கிகளுள் ஒன்று ஷார்ப்ஸ். அதற்கு உகந்தது காகிதம் சுற்றிய கனத்த குண்டு. தொலைவில் படுத்துக்கொண்டு, மந்தையை நடத்திச் செல்லும் எருமையை முதலில் வீழ்த்துவார்கள். தலைமையை இழந்த மந்தை எங்கே ஓடுவதென்று அறியாமல் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி நிற்கும். பின்னர் ஒவ்வொன்றாக வீழ்த்துவது எளிது. தோலை உரித்தெடுத்து உடலை அழுக விட்டார்கள். 1880களின் நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது. வில்லியம் ஹார்னடே 1889-இல் வெளியிட்ட கணக்கில், வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியவை ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையே. அவ்விலங்கை நம்பி உண்டும் உடுத்தும் குடிசை வேய்ந்தும் வாழ்ந்த பூர்வகுடிகளின் வாழ்வு அதோடு முறிந்தது.

கிரீட்மூரில் குண்டு தன் இலக்கைத் தவறவிட்டது. புல்வெளியிலோ குறித்த இலக்கு ஒன்றும் தவறவில்லை. தவறாமையே அங்கே பேரழிவாயிற்று. இரண்டிடத்திலும் காகிதம் ஒன்றுதான், ஈயமும் ஒன்றுதான்.

“அப்படியானால் கருவியின் மீது குற்றம் சுமத்துகிறீர்களா? கத்தி கனியையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும். கொல்லன் என்ன செய்வான்?” என்று நண்பர்கள் வினவலாம். கருவிக்குக் குற்றமில்லை என்பதை ஒப்புகிறோம். ஆனால் அந்த வாதத்தைக் கருவியைக் கையாளும் மனிதன் தனக்குக் கேடயமாகக் கொள்வதை ஒப்பமாட்டோம். ‘என் வேலை காகிதம் சுற்றுவது மட்டுமே’ என்று ஒருவனும், ‘என் வேலை விற்பது மட்டுமே’ என்று மற்றொருவனும், ‘என் வேலை குறி தவறாமல் சுடுவது மட்டுமே’ என்று மூன்றாமவனும் சொல்லிக்கொண்டால், மூன்று கோடி உயிர்கள் எவருடைய வேலையிலும் சேராமல் அழிந்துபோகும். அவரவர் தத்தம் வேலையில் குறையற்றவர். மொத்தத்தில் நடந்ததோ கொடுமை. மறுபுறம், திறமைக் குறைவு நல்லவனாக்கிவிடும் என்றும் எவரும் எண்ண வேண்டாம். உணவுக்காக நியாயமாக வேட்டையாடுகிறவன், அசட்டையாகச் செய்த குண்டால் விலங்கைக் குற்றுயிராக்கி விட்டுவிட்டால், அவன் நன்னோக்கம் அந்த விலங்கின் வேதனையைக் குறைக்காது. நோக்கம் சரியானபின் நேர்த்தி கடமையாகிவிடுகிறது. நோக்கத்தின் இடத்தை மட்டும் அதனால் நிரப்ப இயலாது.

நம் நாட்டுச் சரித்திரத்திலும் இக்காகிதத்துக்கு ஓர் இடமுண்டு. கம்பெனிப் படைக்கு வந்த, 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிளின் தோட்டா, மருந்தையும் குண்டையும் சேர்த்துச் சுற்றிய காகிதச் சுருளாகும். ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, கொழுப்புத் தடவிய மறுமுனையிலுள்ள குண்டைச் சுற்றிய காகிதத்தோடேயே குழலுக்குள் செலுத்த வேண்டும். துப்பாக்கிக் கலையின் கண்கொண்டு பார்த்தால் இது அருமையான ஏற்பாடு. எவ்வளவு காகிதம், எவ்வளவு கனம், கொழுப்பு குண்டுக்கு எப்படி உதவும் என்பதெல்லாம் நுட்பமாக ஆராயப்பட்டன. அக்கொழுப்பு எந்த விலங்கினுடையது, அதைக் கடிக்கப்போகும் வாய் யாருடையது என்பதை மட்டும் உரிய காலத்தில் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை. 1857 சனவரியில், பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் கலந்திருப்பதாக டம்டம்மில் பேச்சு எழுந்தது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருசேர நெஞ்சில் தைத்தது. தாமே விரும்பிய மசகைத் தடவிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் பின்னர் இசைந்தும் பயனில்லை. ஐயம் கொழுப்பை விட்டுக் காகிதத்தின் மீதே தாவிற்று. அதன் பளபளப்பைக் கண்டே வீரர்கள் அஞ்சினர். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரை வீரர்களுள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று தரப்பட்டவை முன்பு அவர்கள் பயன்படுத்திய பழைய தோட்டாக்களேயாயினும், நம்பிக்கை அதற்குள் செத்துப்போயிருந்தது. மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் எழுச்சி வெடித்தது. அயோத்தி இராச்சியத்தைப் பறித்தது முதலாகக் காரணங்கள் வேறு பலவும் உண்டு என்பதை அறிவோம். ஆயினும் குண்டைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள் மனிதனைப் பற்றிச் சிறிது யோசித்திருக்கலாம் அன்றோ?

அரபியில் இரு சொற்கள் இங்கே நமக்கு உதவும். ‘இத்கான்’ என்பது ஒரு செயலைத் திருத்தமாக, உறுதியாகச் செய்து முடித்தல். ‘இஹ்சான்’ என்பதோ இரு பொருள் உடையது: நன்றாகச் செய்தல், நன்மை செய்தல். ஒருவன் இஹ்சானோடு செயலாற்றினான் என்றால் வேலையும் செவ்வையாக முடிந்தது, அது பிறர்க்கு நலமாகவும் அமைந்தது என்றாகும். காகிதம் சுற்றும் மேசையில் இத்கான் இருக்கிறது. அது இஹ்சானாக உயர்வதும் உயராததும் மேசைக்கு வெளியே, இலக்கு நாட்டப்படும் இடத்தில்தான் முடிவாகிறது.

இவ்வளவையும் துப்பாக்கிக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. ஈயமும் காகிதமும் அவர்களுக்கு மட்டும் உரியவை அல்லவே! ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் அச்சகங்களில் கோத்த எழுத்துக்கள், ஈயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவையே. குண்டு வார்ப்போரில் சிலர், கழித்துவிடப்பட்ட அச்செழுத்துக்களைத் தேடி வாங்கி உருக்கிக்கொள்வதும் உண்டு. எழுத்தாக இருந்து காகிதத்தின் மேல் பதிந்த உலோகம், குண்டாக மாறிக் காகிதத்துக்குள் புகுந்துகொள்கிறது. எழுதுவோரும் போதிப்போரும் தம் ஈயம் வேறு என்று எண்ணிக்கொள்வதற்கில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு நம் வகுப்பில் ஒரு மாணவர் அரபு வாசகம் ஒன்றை உரக்கப் படித்தார். ஒரு சொல்லின் ஈற்றுயிரைத் தவறாக ஒலித்தார். நாம் உடனே திருத்தினோம். திருத்தம் இலக்கணப்படி முற்றிலும் சரியானது. சொன்ன விதமோ வகுப்பு முழுவதும் நகைக்கும்படி கூர்மையாக இருந்தது. அன்றைக்கு அதை நாம் திறமை என்றே எண்ணினோம். அம்மாணவர் அவ்வாண்டு முழுவதும் வாய்விட்டுப் படிக்க மீண்டும் எழவில்லை. நம் குறி அவருடைய பிழை; பட்ட இடம் அவருடைய துணிவு. பக்கத்து இலக்கின் நடுப்புள்ளியில் நாமும் ஒரு முறை சரியாகச் சுட்டிருக்கிறோம் என்பதை உணர நமக்கு நெடுநாள் ஆயிற்று.

சுட்டவர் முன்னே நடந்து சென்று குனிந்து துணுக்குகளைப் பொறுக்கும் அந்த வழக்கத்தை நாம் அன்று அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால், வகுப்பு முடிந்தபின் அம்மாணவரின் முகத்தையேனும் ஒரு முறை பார்த்திருப்போம். சொன்னது சரியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளாமல், யாரிடம், எதற்காகச் சொன்னோம், எங்கே போய்ப் பட்டது என்றும் கேட்டுக்கொள்வோமாக. நேர்த்தியைத் தேடுகிறவர்கள் தேடட்டும்; அது நல்ல தேட்டமே. குழலில் குண்டை இடுமுன் எதிரே நிற்பது எவருடைய இலக்கு என்பதை நிமிர்ந்து ஒரு முறை பார்த்துக்கொள்வது நேர்மையின் முதற்படி. அதற்கு ஆயிரத்தில் இரண்டு பங்கு அங்குலத் தாளை அளக்கும் நுட்பம் வேண்டுவதில்லை. தலையைத் தூக்கிப் பார்க்கும் மனம் வேண்டும்.